குதிரை வாங்கறதுக்கு முன்னாடி டாக்டர் செக்கப்: 22,300 ரூவா குடுத்தது வொர்த்தா?

நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு தரகர் மூலமா 90,000 ரூவாய்க்கு ஒரு குதிரை வாங்குனேன். செவலை, நெத்தியில வெள்ளைக் கோடு, பாத்தா கண்ணை எடுக்க முடியாது. லாரியில இருந்து இறக்குன அன்னைக்கு தோப்புக்குள்ள பறந்துச்சு. மூணாம் நாளு காலைல முன்னங்காலைத் தாங்கித் தாங்கி நடக்குது. வண்டியில நின்னுட்டு வந்த அலுப்பா இருக்கும்னு விட்டோம், அஞ்சாம் நாளு அந்தக் காலை ஊனவே மாட்டேங்குது. தரகருக்குப் போன் போட்டா, "என்கிட்ட இருக்கறப்ப ஓடுச்சுங்களே, உங்க ஊட்டுக்கு வந்துதானுங்க கால் போச்சு"ன்னு பேசறாரு. ஓடுச்சுதான், இல்லன்னு சொல்லல. ஏன் ஓடுச்சுன்னு பின்னாடி விவரம் தெரிஞ்சவங்க சொன்னாங்க, வலிக்கு ஊசி போட்டு நிறுத்தியிருப்பாங்கன்னு. ஃபினைல்பியூட்டசோன்னு ஒரு மருந்து, குதிரைக்காரங்க சுருக்கி ப்யூட்னு சொல்லுவாங்க, போட்டா நொண்டிக் குதிரையும் ஒரு நாளு ரெண்டு நாளைக்கு நல்ல குதிரை மாதிரி நடக்கும், மருந்து இறங்குனதும் பழைய கதைதான். போட்டாங்களா இல்லையான்னு இன்னைக்கும் என்கிட்ட ஆதாரம் இல்ல, வாங்கற அன்னைக்கே ரத்தம் எடுத்து வைக்கோணும்னு யாருக்குங்க தெரியும். வைத்தியத்துக்கு 40,000 போச்சு, லாடம் கழட்டறப்ப எம்மேல சாஞ்சு தோள்பட்டை வேற வீங்கிக் கெடந்தேன். குதிரை கீழ தள்ளுனதும் இல்லாம குழியும் பறிச்சுதாம்னு எங்காத்தா சொல்லும், அதேதான்.

இப்ப எம்பொண்ணுக்கு 13 வயசு, கோயமுத்தூர்ல ரெண்டு வருஷமா சனி ஞாயிறு ரைடிங் கிளாஸ் போறா, சொந்தமா ஒண்ணு வேணும்னு ஒரே பிடிவாதம். ஊட்டுக்காரி ஒத்துக்கிட்டா, ஒரே கண்டிஷன்தான், டாக்டர் பாத்து எழுதிக் குடுக்காம எந்தக் குதிரையும் கேட்டைத் தாண்டக்கூடாது. அதனால இந்த ரிவ்யூ குதிரை பத்தி இல்ல, அந்த டாக்டரோட சர்வீஸ் பத்தி. பேரு போடல. அவரே வேண்டாம்னுட்டார், ஏற்கனவே ரெண்டு மூணு தரகருங்க அவர் மேல கடுப்புல இருக்காங்களாம்.

மொதல்ல ஆள் கெடைக்கறதே பெரிய பாடு. எங்க பக்கம் கோபில கால்நடை டாக்டருங்ககிட்ட வர்றது பூரா மாடு, ஆடு, கோழிதான், அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது, வருஷத்துக்கு எத்தனை குதிரைங்க அவங்க கண்ணுல படும். குதிரையோட காலை ஆயிரக்கணக்குல பாத்த ஆள் வேணும் இதுக்கு. நாமக்கல்லயும் சென்னை வேப்பேரியிலயும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, அங்க விசாரிச்சா வழி சொல்லுவாங்க, எனக்கு ரைடிங் ஸ்கூல் கோச் மூலமா ஒருத்தர் கெடைச்சார். பல வருஷம் ரேஸ் குதிரைங்க கூட வேலை செஞ்சவர், இப்ப தனியா பாக்கறார், எங்கூர்ல இருந்து மூணு மணி நேர ஓட்டம்.

போன்ல மொதல்ல அவர் கேட்டது குதிரையைப் பத்தியே இல்ல. யார் ஓட்டப் போறா, பாப்பாவுக்கு என்ன வயசு, என்ன எடை, எத்தனை நாளா ஓட்டறா, ஜம்பிங் பண்ணப் போறாளா, தோட்டத்தைச் சுத்தி மட்டுமா. நான் ஒரு மாதிரி கடுப்பாயிட்டேன், சார் குதிரையைப் பாக்கத்தானுங்க கூப்பிட்டேன்னு. அதுக்கு அவர், ரேஸ் ஓட ஆகாத குதிரை உங்க பொண்ணுக்கு அருமையா ஆகும், எதுக்குன்னு தெரியாம நான் எதைங்க பாக்கறதுன்னார். அப்புறம் விக்கறவர் யாருன்னு கேட்டார். அந்த ஆளோட குதிரைங்களுக்கு அவர் எப்பவாவது வைத்தியம் பாத்திருந்தா அதை நம்மகிட்ட முன்கூட்டியே சொல்லிடோணுமாம், அப்படி இருந்தா வேற டாக்டரைக் கூட்டிட்டுப் போகச் சொல்லுவாராம். விக்கறவரோட டாக்டரே வந்து "ஃபர்ஸ்ட் கிளாஸ் குதிரைங்க"ன்னு சொல்றதை நம்பி நான் பாத்த ஆளுங்க நெறைய.

அந்தியூருக்கு வந்துடுங்க சார், ஒரே எடத்துல பத்து குதிரை பாத்தறலாம்னு ஒரு ஐடியா சொன்னேன். தெரியாதவங்களுக்கு, ஆடி மாசம் குருநாதசாமி கோயில் தேர் நோம்பி அப்ப அந்தியூர்ல கூடற குதிரைச் சந்தை நம்ம பக்கம் நெம்பப் பேர் போனது, மார்வாரி, கத்தியவாரி, வெள்ளை வெளேர்னு நொக்ரான்னு பல ஜாதிக் குதிரைங்க வரும், மேளத்துக்கு ஆடற குதிரையைப் பாக்கவே சனம் கூடும். அங்க குதிரை பாக்கப் போவேன், செக்கப் பண்ண வரமாட்டேன்னுட்டார். சத்தம், கூட்டம், பக்கத்துல பொட்டைக் குதிரை நின்னா ஆண் குதிரை சும்மாவே துள்ளிட்டு நிக்கும், அந்த உசார்ல ஒரு குதிரை சின்ன வலியைக் காட்டவே காட்டாதாம். சந்தையில புடிச்சிருந்தா அட்வான்ஸ் குடுக்காம அட்ரஸ் மட்டும் வாங்கிட்டு வாங்க, அது தினம் நிக்கற கொட்டாயில வெச்சுப் பாக்கலாம்னார்.

அப்புறம் வாட்சப்ல ஒரு மெசேஜ் அனுப்பிச்சார், விக்கறவருக்கு ஃபார்வர்ட் பண்ணச் சொல்லி. நாங்க வர்ற வரைக்கும் குதிரையை வெளிய எடுக்கக்கூடாது, அன்னைக்கு ஓட்டக்கூடாது, காலுக்குத் தண்ணி அடிக்கக்கூடாது, ஒரு வாரத்துல ஏதாவது ஊசி மருந்து குடுத்திருந்தா எழுதி வைக்கோணும், சிமெண்ட் இல்ல தார் போட்ட சமமான தரை 30 மீட்டராவது வேணும், மண்ணுல வட்டமா ஓட்ட ஒரு எடம் வேணும். இதென்ன கல்யாணத்துக்கு ஜாதகம் பாக்கற மாதிரி இவ்வளவு கண்டிஷனான்னு எங்கய்யன் சிரிச்சார்.

மொதல்ல பாத்தது திருப்பூர் பக்கம் ஒரு சாம்பல் கலர் குதிரை, 2,20,000 சொன்னாங்க. நாங்க போய் எறங்கறப்ப குதிரை கொட்டாய்க்குள்ளதான் நின்னுச்சு, மெசேஜ்ல சொன்ன மாதிரியே. டாக்டர் கிட்டப் போய் முதுகுல கைய வெச்சார், என்னையும் கூப்பிட்டு வைக்கச் சொன்னார். சேணம் போடற அளவுக்கு, அந்த வடிவத்துலயே, மயிர் ஈரமா ஒட்டிக் கெடக்குது. நாலு காலும் முழங்காலுக்குக் கீழ சில்லுனு இருக்கு, குளம்பைச் சுத்தி தரையில ஈரம். காலைல ஓட்டி ஒடம்பைச் சூடு பண்ணி, இறுக்கம் விட்டதும் காலுக்குத் தண்ணி அடிச்சு வீக்கத்தைக் கொறைச்சு உள்ள நிறுத்தியிருக்காங்க. டாக்டர் ஒண்ணும் சொல்லல. "காலைல வாக்கிங் போனீங்களாண்ணா"ன்னு மட்டும் கேட்டார், விக்கறவர் வேற பக்கம் பாத்துட்டு "ஈ தொல்லைங்க, குளிப்பாட்டுனோம்"ங்கறார். முதுகுல சேண வடிவத்துல மட்டும் குளிப்பாட்டற ஈயை நான் பாத்ததில்ல.

கொட்டாய்க் கதவோட மேல் கட்டை அரை இஞ்சுக்கு அரிச்ச மாதிரி இருந்துச்சு. அதையும் டாக்டர்தான் காட்டுனார், நான் கறையான்னு நெனச்சுட்டேன். சில குதிரைங்க மேல் பல்லைக் கட்டையில ஊனிக்கிட்டு கழுத்தை வளைச்சு காத்தை உள்ள இழுக்கும், கிரிப் பைட்டிங்னு சொல்லுவாங்க, ஒரு தடவ பழகிட்டா விடவே விடாது. ஒதட்டைப் பிரிச்சுப் பாத்தா மேல் முன்பல்லோட வெளி ஓரம் தேஞ்சு சரிவா இருக்கு.

பல்லுன்னதும் வயசு. தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்காதேன்னு சொல்லுவாங்க, ஆனா இது காசு குடுக்கற குதிரையாச்சே. 6 வயசுன்னாங்க. குதிரைக்கு 5 வயசு வாக்குல பால் பல்லு பூரா விழுந்து மாட்டுக்குச் சொல்ற மாதிரி கடை சேந்துரும், அது வரைக்கும் வயசு ஓரளவு கரெக்டா சொல்லிடலாம், அப்புறம் தேய்மானத்தை வெச்சு மதிப்புதான். மேல் வரிசையில ஓரத்துல இருக்கற முன்பல்லுல ஒரு பழுப்புக் கோடு ஈறுல இருந்து இறங்கும், சுமாரா 10 வயசுல ஈறுகிட்ட தலைகாட்டும், 15-ல பாதிப் பல்லுக்கு வரும், 20-ல நுனி வரைக்கும். இந்தக் குதிரைக்கு அந்தக் கோடு கால் பல்லுக்கு மேல எறங்கியிருந்துச்சு, டார்ச் அடிச்சுக் காட்டுனப்ப எனக்கே தெரிஞ்சுது. 12 பக்கம்னார். ஒண்ணு ரெண்டு முன்னப் பின்ன இருக்கலாம், ஆனா 6 கெடையாதுன்னார்.

அப்பவும் அவர் நிறுத்தல. ரத்தம் எடுக்கலாம்னு சிரிஞ்ச் எடுத்தார், அங்கதான் விக்கறவர் குறுக்க வந்துட்டார். ரத்தம் எடுத்தா குதிரைக்குச் சீக்கு வந்துரும், எங்க பாட்டன் காலத்துல இருந்து குதிரை வெச்சிருக்கோம், யாரும் ரத்தம் கேட்டதில்ல, இஷ்டமிருந்தா வாங்குங்க. டாக்டர் மூடியைப் போட்டு பெட்டியைச் சாத்திட்டார். காருக்கு வந்து உக்காந்ததும், பாதிதான் பாத்தேன், பாதி ஃபீஸ் போதும்னு 3,500 வாங்கிக்கிட்டார், வண்டிச் செலவு 2,500 தனி. உண்மையைச் சொல்லணும்னா அன்னைக்கு ராத்திரி எனக்கு எரிச்சலாத்தான் இருந்துச்சு, 6,000 ரூவா குடுத்து வெறுங்கையோட திரும்பறமேன்னு. ஊட்டுக்காரிதான் "போன தடவ 1,30,000 குடுத்து நொண்டியோட திரும்புனீங்களே"ன்னு ஞாபகப்படுத்துனா. அப்புறம் பேசல.

ரெண்டாவது குதிரை ரெண்டு மாசம் கழிச்சு, தாராபுரம் தாண்டி ஒரு தோட்டத்துல. பொட்டைக் குதிரை, மார்வாரி கலப்பு, ரெண்டு காதும் உள்பக்கம் வளைஞ்சு நுனி தொடற மாதிரி இருக்கும், பழுப்பு நெறம், உயரம் 14.2 கை, அதாவது 14 கை 2 இஞ்சு, கைன்னா 4 இஞ்சு. 1,85,000 சொன்னாங்க. இதுக்கு எங்கய்யனும் கூட வந்தார், அவரோட சிநேகிதர் ஒருத்தர் சுழி பாக்கறவர், அவரையும் ஏத்திக்கிட்டார். நான் வேண்டாம்னு சொல்லிப் பாத்தேன், டாக்டர் முன்னாடி மானம் போகும்னு. ரெண்டு பேரும் குதிரையைச் சுத்திச் சுத்தி வந்து கழுத்துல, கண்ணுக்குக் கீழ, வயித்துல, காலுலன்னு அரை மணி நேரம் சுழி தேடுனாங்க. கழுத்துல நீளமா எறங்கற சுழி இருந்தா யோகம், ராஜஸ்தான் பக்கம் அதுக்குத் தேவமன்னு பேராம், கண்ணுக்குக் கீழ இருந்தா அந்தக் குதிரையை வாங்க ஆள் வராது. டாக்டர் பொறுமையா நின்னார். அப்புறம் டாக்டர் அவரோட நோட் பேடை எடுத்தார், அதுல குதிரையோட படம் அச்சடிச்சிருக்கு, இடது வலது மூஞ்சின்னு, அதுல அவரும் ஒவ்வொரு சுழியா எக்ஸ் போட்டு குறிக்கறார்! எங்கய்யன் மூஞ்சியைப் பாக்கோணுமே. "டாக்டரும் சுழி பாக்கறாரு பாரு"ன்னு என் தோளைத் தட்டறார். மனுசனுக்கு அங்க மச்சம் எழுதற மாதிரிதானுங்கய்யா, பழுப்புக் குதிரை பத்து நின்னா இது எதுன்னு நாளைக்குச் சொல்லறதுக்குச் சுழிதான் அடையாளம்னு டாக்டர் விளக்குனார். எங்கய்யன் காதுல அது ஏறல, ஏறவும் வேண்டாம்.

இந்தக் குதிரைக்கு முழு செக்கப், 2 மணி 40 நிமிஷம் ஆச்சு. மொதல்ல கொட்டாயில நிக்க வெச்சு சும்மா வேடிக்கை பாத்தார், பத்து நிமிஷம் கிட்டவே போகல, எந்தக் காலை ஓய்வு குடுக்குதுன்னு பாக்கறாராம். அப்புறம் இதயத் துடிப்பு 36, 28-ல இருந்து 44-க்குள்ள இருந்தா சரி. நெஞ்சுல ரெண்டு பக்கமும் கேட்டார், வயித்துல நாலு எடத்துல ஸ்டெத் வெச்சு குடல் சத்தம் கேட்டார், எனக்கும் குடுத்தார், தூரத்துல மோட்டார் ஓடற மாதிரி உருட்டுது. வாலைத் தூக்கிப் பாத்தார், தாடைக்குக் கீழ நெறிகட்டியிருக்கான்னு தடவிப் பாத்தார். கண்ணுக்குன்னே கொட்டாய் வாசல்ல சாக்கு தொங்க விட்டு இருட்டாக்கி, சின்ன லைட் வெச்சு ஒவ்வொரு கண்ணா பாத்தார். குதிரைக்குக் கண்ணுக்குள்ள திரும்பத் திரும்ப வீக்கம் வர்ற ஒரு நோய் இருக்காம், வெளிச்சத்துல பாத்தா ஒண்ணும் தெரியாதாம், கடைசியில பார்வையே போயிரும். சினைன்னு விக்கறவர் சொல்லியிருந்தார், உள்ள கை விட்டுப் பாத்து இல்லன்னுட்டார். விக்கறவருக்கே அது ஆச்சரியம்னு நெனக்கறேன், பாவம், அவர் பொய் சொன்ன மாதிரி தெரியல, பின்னாடி சொல்றேன்.

அப்புறம் சிமெண்ட் தரையில நடக்க வெச்சு, ட்ராட்ல, அதாவது மெதுவான ஓட்டத்துல, ஓட வெச்சுப் பாத்தார். நாங்க எல்லாம் காலைப் பாக்கறோம், அவர் தலையைப் பாக்கறார். முன்னங்கால்ல வலி இருந்தா அந்தக் கால் தரையில படறப்ப குதிரை தலையைத் தூக்கும், நல்ல கால் படறப்ப தலை எறங்கும், பின்னங்கால்னா இடுப்பு ஒரு பக்கம் அதிகமா ஏறி எறங்கும். கண்ணை மூடிட்டு குளம்புச் சத்தத்தை மட்டும் கேளுங்கன்னார். டக்டக் டக்டக், ஒரே சீரா இருந்துச்சு.

அடுத்து குளம்பை பெரிய இடுக்கி மாதிரி ஒண்ணால நாலு பக்கமும் அமுக்கிப் பாத்தார், குதிரை காலை இழுக்கல. அப்புறந்தான் மடக்கிப் பாக்கற டெஸ்ட், ஃப்ளெக்ஷன். ஒவ்வொரு காலையும் மூட்டு நல்லா மடங்கற மாதிரி தூக்கிப் புடிச்சுக்கிட்டு வாட்ச்சைப் பாத்து ஒரு நிமிஷம். விட்ட உடனே ட்ராட். மூணு கால் ஒண்ணும் இல்ல. வலது பின்னங்காலை, அந்தப் பின்னாடி துருத்திட்டு நிக்கற மூட்டு இருக்குல்ல, ஹாக்குன்னு சொல்றது, அதை மடக்கி விட்டதும் மொதல் ஆறு ஏழு அடி தெளிவா நொண்டுச்சு. அப்புறம் சரியாயிருச்சு. எனக்குப் பழைய ஞாபகம் வந்து வயித்தைக் கலக்கிருச்சு. விக்கறவர் மொகம் செத்துப் போச்சு. "காலைல கொஞ்சம் இறுக்கமாத்தான் நடப்பாங்க, போகப் போக சரியாயிருவா, அதைச் சொல்லாம இருந்தது என் தப்புதானுங்க"ன்னு அவரே ஒத்துக்கிட்டார். அதுக்கப்புறம் அந்த ஆள் மேல எனக்கு நம்பிக்கை வந்துச்சு, வெறுப்பு வரல. ரத்தம் கேட்டதும் கையைக் கட்டிட்டு "எடுங்க"ன்னுட்டார்.

மடக்கிப் பாக்கற டெஸ்ட்ல ரெண்டு அடி நொண்டறது நல்ல குதிரையிலயும் நடக்குமாம், அதை மட்டும் வெச்சு முடிவு பண்ணக்கூடாதாம். ஆறு ஏழு அடின்னதால எக்ஸ்ரே எடுக்கலாமான்னு கேட்டார். காருலயே சின்ன மெஷின் வெச்சிருக்கார், அந்த மூட்டுக்கு நாலு கோணத்துல நாலு படம், லேப்டாப்லயே காட்டுனார். மூட்டோட கீழ் அடுக்குல எலும்புக்கு நடுவுல தெரிய வேண்டிய கறுப்புக் கோடு ஒரு எடத்துல மங்கியிருந்துச்சு, ஓரத்துல சின்னதா எலும்பு முள்ளு மாதிரி. போன் ஸ்பாவின், ஆரம்ப நெலைன்னார். மனுசங்களுக்கு வர்ற மூட்டுத் தேய்மானம் மாதிரிதான்.

வாங்கலாமா வேண்டாமான்னு கேட்டேன். சொல்லமாட்டேன்னுட்டார்! இந்த இடத்துல எனக்கு நெஜமாவே கோபம் வந்துச்சு, 16,000 ரூவா செலவு பண்ணி மூணு மணி நேரமா நிக்கறேன், ஆமா இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னங்க. அவர் சொன்னது இதுதான்: "பாப்பா நடை, ட்ராட், அதை விட வேகமா கொஞ்சம் கேண்டர், தோட்டத்தைச் சுத்திப் போறதுன்னா இந்த மூட்டு இன்னும் பல வருஷம் வேலை செய்ய வாய்ப்பு இருக்கு. தினம் சூடு பண்ணி ஓட்டோணும், லாடக்காரர் நல்லவரா இருக்கோணும். ஜம்பிங் போட்டிக்கு இதை நம்பி எறங்காதீங்க. அஞ்சு வருஷம் கழிச்சு விக்கலாம்னு நெனச்சு வாங்காதீங்க. மிச்சத்தை நீங்க முடிவு பண்ணுங்க." யோசிச்சுப் பாத்தா போன்ல மொதல் நாளு அவர் கேட்ட கேள்வி எல்லாம் இங்க வந்து நிக்குது. பாஸ் ஃபெயில் போடற பரிட்சை இல்ல இது, எந்த வேலைக்கு எவ்வளவு ரிஸ்க்னு சொல்றது, அவ்வளவுதான். இது தெரியாம போனா என்னை மாதிரி அங்க நின்னு கத்துவீங்க.

மத்த டெஸ்ட் சீக்கிரமா சொல்லிடறேன். மண்ணுல கயிறு கட்டி வட்டமா ரெண்டு பக்கமும் ஓட்டுனார், எம்பொண்ணை ஏத்தி ஓட்டச் சொன்னார், மூச்சுல கரகரன்னு சத்தம் வருதான்னு கேட்டார், வரல. எறங்குனதும் திரும்ப இதயம், அப்புறம் அரை மணி நேரம் சும்மா நிக்க வெச்சு கடைசியா ஒரு ட்ராட், ஓய்வு குடுத்தப்புறம் இறுக்கம் வெளிய வருதான்னு. இங்கிலாந்துல இதை அஞ்சு கட்டமாப் பிரிச்சு இதே வரிசையில பண்ணுவாங்களாம், அன்னைக்கு எடுத்த ரத்தத்தை 6 மாசம் பத்திரமா வெச்சிருப்பாங்களாம், பின்னாடி குதிரை திடீர்னு நொண்டுனா எடுத்து மருந்து இருந்துச்சான்னு பாக்க. அது மட்டும் எனக்கு நாலு வருஷத்துக்கு முன்னாடி தெரிஞ்சிருந்தா.

ரத்தம் மூணு குப்பி. ஒண்ணு சர்ராவுக்கு, கடிக்கற ஈ மூலமா பரவற நோய், குதிரை இளைச்சுக்கிட்டே போகும். ஒண்ணு மருந்து டெஸ்டுக்கு. இன்னொண்ணு கிளாண்டர்ஸ்க்கு, ஹரியானா ஹிசார்ல இருக்கற தேசிய குதிரை ஆராய்ச்சி மையத்துக்குப் போகுது. இதை மட்டும் யாரும் விடாதீங்க. கிளாண்டர்ஸ் குதிரைகிட்ட இருந்து மனுசனுக்கும் தொத்தும், தடுப்பூசி கெடையாது, பாசிட்டிவ்னா 2009-ல வந்த கால்நடைத் தொத்துநோய்ச் சட்டப்படி அரசாங்கத்துக்குச் சொல்லியே ஆகோணும், குதிரையைக் காப்பாத்த வழியில்ல, கருணைக்கொலைதான். ஊட்ல கொழந்தைங்க இருக்கறவங்க இந்த ரிசல்ட் வர்ற வரைக்கும் குதிரையை எறக்காதீங்க.

ஃபீஸ் கணக்கு: முழு செக்கப் 7,000, வண்டி 2,500, எக்ஸ்ரே படத்துக்கு 1,200 வீதம் நாலுக்கு 4,800, ரத்தமும் கூரியரும் 2,000. ஆக 16,300. மொதல் குதிரையோட 6,000 சேத்து 22,300.

இப்ப கொறை. எக்ஸ்ரே தனிக் காசுன்னு போன்ல சொல்லவே இல்ல, நான் செக்கப்ல அடங்கும்னு நெனச்சுட்டேன், கொட்டாய்க்குள்ள நின்னுக்கிட்டு படத்துக்கு 1,200-ன்னா யாரு வேண்டாம்பாங்க, முன்னாடியே ரேட் எழுதி அனுப்பலாம். ரிப்போர்ட் ரெண்டு நாள்ல வரும்னார், 9 நாள் ஆச்சு, அதுவும் மூணு தடவ போன் பண்ணி. நாலு பக்கமும் இங்கிலீஷு, எம்பொண்ணு படிச்சுச் சொன்னா, எங்கய்யன் மாதிரி ஆளுங்களுக்கு ஒரு பக்கமாவது தமிழ்ல குடுத்தா நல்லாருக்கும். ஹிசார் ரிசல்ட் 12 நாள், அது அவர் கையில இல்ல, விட்டுடலாம். விக்கறவர் முன்னாடியே எல்லாத்தையும் சத்தமா சொல்லிடறார், அது வெல பேச நமக்கு நல்லதா கெட்டதான்னு எனக்கு இன்னும் கொழப்பம்தான். நல்லதுன்னு பாத்தா, ட்ராட் ஓட்டுனது எல்லாம் வீடியோ எடுத்து அனுப்பிச்சார், எக்ஸ்ரே படம் பூரா குடுத்துட்டார், பின்னாடி ரெண்டு தடவ போன்ல சந்தேகம் கேட்டேன், காசு கேக்கல. 5-க்கு 4 குடுக்கறேன், அந்த ஒண்ணு எக்ஸ்ரே ரேட்டுக்கு.

ரிசல்ட் பூரா சுத்தம்னு வந்தப்புறம் வெல பேசப் போனோம். எங்கய்யன் பழைய பழக்கத்துல கை மேல துண்டைப் போட்டு உள்ள விரலைப் புடிச்சார், விக்கறவரும் சிரிச்சுக்கிட்டே புடிச்சார், நாங்க எல்லாம் துண்டையே பாத்துட்டு நிக்கறோம். துண்டை எடுத்தப்ப 1,50,000. 35,000 கொறைஞ்சுது, செக்கப் செலவு போக மிச்சம்தான். சினை இல்லாததுக்கு 15, காலுக்கு 20-ன்னு விக்கறவர் வெளிப்படையாவே சொன்னார். சுழி பாத்தவர் மட்டும், கழுத்துச் சுழிக்கு இன்னும் பத்து சேத்துக் குடுத்திருக்கோணும்னு வர்ற வழி பூரா பொலம்பிட்டு வந்தார்.

ஏழு மாசம் ஆச்சு. காலைல கொட்டாயை விட்டு வெளிய வர்றப்ப மொதல் பத்து அடி வலது பின்னங்காலை இறுக்கமாத்தான் வைக்கறா, ரிப்போர்ட்ல மூணாம் பக்கத்துல போட்டிருக்கற அதே கால். எம்பொண்ணு ஏறறதுக்கு முன்னாடி பதினஞ்சு நிமிஷம் கயித்தைப் புடிச்சு நடத்தறா, அதுக்குள்ள நான் கொள்ளை ஊற வெச்ச தண்ணியை வடிச்சுடறேன். டாக்டரைப் புடிக்கோணும்னா உங்க ஊர் ரைடிங் ஸ்கூல்ல கேளுங்க, அவங்களுக்கு ஒருத்தரையாவது தெரிஞ்சிருக்கும், போன் பண்றப்ப எக்ஸ்ரே படத்துக்கு எவ்வளவுன்னு மொதல்லயே கேட்டுக்கங்க.